ஒரு முழம் எவ்வளவுக்குப் போகும்?

லேஸ்னு சொன்னதும் கிளாஸ்ல எல்லாரும் சிப்ஸ் பாக்கெட்டைத்தான் தேடுறாங்க. அதனால முதல்லயே சொல்லிடறேன். நான் பேசப்போறது பாவாடை ஓரத்துலயும் சின்ன வயசு ஃப்ராக் கழுத்துலயும் வெள்ளையா ஓட்டை ஓட்டையா வருமே, அந்த லேஸ். அதைக் கையால பின்னுறதுதான் ஒரு வருஷமா என் ஹாபி.

கையாலன்னா கிரோஷா ஊசி இல்ல. கிரோஷா நம்ம அம்மாக்கள் பல பேருக்குத் தெரியும், பழைய வீடுகள்ல டிவி மேல கிடக்கும் விரிப்பு அதுல வந்ததுதான். நான் பண்றது பாபின் லேஸ். பாபின்னா தையல் மெஷினுக்கு அடியில போடுற குட்டி உருளை ஞாபகம் வரும். இது அது இல்ல. விரல் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை, அதோட கழுத்துல நூல் சுத்தியிருக்கும். அந்த மாதிரி இருபது, முப்பது, சில டிசைனுக்கு நூறுக்கு மேலயும் கட்டைகள், எல்லாம் ஒரு கெட்டியான தலையணை மேல தொங்கும். தைக்கிற ஊசி கிடையாது. கட்டைகளை ஒண்ணு மேல ஒண்ணா மாத்திப் போட்டு, நடுநடுவுல குண்டூசி குத்தி, நூலைப் பின்னிக்கிட்டே போகணும். ஜடை பின்னுறோம்ல, அதுக்குப் பெரிய அக்கா.

பெரம்பலூர்ல இதைப் பண்ற வேற யாரையும் எனக்குத் தெரியாது. பருத்தி விளையுற ஊர்தான், ஆனா அந்தப் பஞ்சு நூலாகிறதுக்கு வேற எங்கேயோ போயிடுது. எனக்கு லேஸ் வந்து சேர்ந்தது நாகர்கோவில் பக்கத்துல இருந்து படிக்க வந்த ஒரு கிளாஸ்மேட் மூலமா. மூணாம் வருஷம் கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு வரும்போது கேக் டப்பாவை ஒரு வெள்ளைத் துணியில சுத்திக் கொண்டுவந்தா. கேக்கை மத்தவங்க பார்த்துக்கிட்டாங்க. நான் துணியோட ஓரத்தைப் பார்த்துட்டே இருந்தேன். மூணு விரல் அகலத்துக்கு விசிறி விசிறியா ஒரு பின்னல். அவளோட பாட்டி கல்யாணத்துக்கு முன்னாடி பின்னினதாம். கான்வென்ட்ல கத்துக்கிட்டாங்களாம். "இதுக்கு டிசைன் எங்க இருக்கு?"ன்னு கேட்டேன். "பாட்டி கையில"ன்னா.

முதல்ல சாமான் சேர்க்கணும். கடையில செட்டா கிடைக்கிற பொருள் இல்ல இது, அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாற்று தேட வேண்டியிருந்தது. எனக்கு அதுவே பாதி சந்தோஷம். கட்டைக்கு பென்சில். ஆறு பட்டை இருக்கிற பென்சிலா வாங்கணும், உருண்டையா இருந்தா தலையணை மேல உருண்டு நூல் சிக்கிக்கும். ஒரு பென்சிலை ரெண்டா அறுத்து, மேல பக்கம் பிளேடால கழுத்து மாதிரி செதுக்கினா ரெண்டு கட்டை. ஆனா பென்சில் ரொம்ப லேசு. நூல் விறைப்பா நிக்கணும்னா கட்டைக்கு எடை வேணும். இங்கிலாந்தோட நடுப்பகுதியில கட்டையோட வால்ல கண்ணாடி மணிகளைக் கம்பியில கோத்து மாட்டுவாங்க, எடைக்கு எடையும் ஆச்சு, உருளாமலும் இருக்கும். நான் ஹார்டுவேர் கடையில எம்6 நட் வாங்கி மாட்டினேன். மெக்கானிக்கல் பசங்க பார்த்துட்டு "எங்க டிபார்ட்மென்ட்டுக்கு வந்துடு"ன்னாங்க.

தலையணைக்குப் பலரும் தெர்மாகோல் சொல்றாங்க. ஒரு வாரம் தாங்கும், அப்புறம் குத்தின ஓட்டையெல்லாம் பெருசாகி ஊசி ஆடும். அந்தக் காலத்துல வைக்கோல்தான் வச்சாங்க, அதுதான் இன்னைக்கும் நல்லது. குன்னம் பக்கம் பெரியப்பா வீட்டுல வைக்கோல் வாங்கி, பொடியா நறுக்கி, பழைய ஜீன்ஸ் கால் ஒண்ணை வெட்டி அதுக்குள்ள கெட்டியாத் திணிச்சேன். திணிக்கிறதுன்னா சும்மா இல்ல, கட்டையால இடிச்சு இடிச்சு, மேல உட்கார்ந்தாலும் அமுங்கக் கூடாது. பெரியப்பா "மாட்டுக்கா?"ன்னு கேட்டார். நூலும் ஊசியும் திருச்சி என்.எஸ்.பி. ரோடு பக்கம். ஆஃபீஸ் குண்டூசி ஆகாது, நம்ம ஊர் வேர்வைக்கும் மழைக்கும் துரு பிடிச்சு வெள்ளை நூல்ல கறை விழும். துருப்பிடிக்காத ஊசியா கேட்டு வாங்குங்க.

இப்போ பின்னுற விஷயம். ஒரே நூலோட ரெண்டு நுனியையும் ரெண்டு கட்டையில சுத்தினா அது ஒரு ஜோடி. நடுவை ஒரு ஊசியில மாட்டித் தொங்கவிடணும். ஒரு நேரத்துல ரெண்டு ஜோடி, அதாவது நாலு கட்டை மட்டும்தான் கையில. இடது பக்கத்துல இருந்து 1, 2, 3, 4. இந்த நம்பர் கட்டைக்கு இல்ல, இடத்துக்கு. முதல் அசைவு: 2-ல இருக்கிறது 3-க்கு மேல தாண்டும். அது கிராஸ். ரெண்டாவது அசைவு: 2-ல இருக்கிறது 1-க்கு மேல, 4-ல இருக்கிறது 3-க்கு மேல. அது ட்விஸ்ட். அவ்வளவுதான், மூணாவது அசைவே இல்ல. கிராஸ், ட்விஸ்ட்னு மாத்தி மாத்திப் போட்டா வலை மாதிரி வரும். கிராஸ், ட்விஸ்ட், கிராஸ்னு போட்டா தறியில நெய்த துணி மாதிரியே அடர்த்தியா வரும். எங்கே வலை, எங்கே துணி, எங்கே வெறும் ஓட்டை, இதுதான் டிசைன். ரெண்டே அசைவுல எல்லாமே வந்துடுதுன்னு புரிஞ்ச அன்னைக்கு எனக்கு பைனரி ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவளுக்கு வேற என்ன ஞாபகம் வரும்.

டிசைன் தேடுறது தனிக் கதை. லேஸ் டிசைன்ங்கிறது பார்க்க ஒண்ணுமே இல்லாத ஒரு அட்டை. அட்டை நிறைய ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு ஊசி நிக்கும். ஆரம்பத்துக்குச் சுலபமானது டார்ஷான்ங்கிற வகை, அதுக்கு ஒரு கிராஃப் ஷீட் போதும். நம்ம இடுக்குப் புள்ளிக் கோலம் மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு புள்ளி, அடுத்த வரிசையில இடைவெளியில புள்ளி. எல்லாக் கோடும் 45 டிகிரியில ஓடும். அதை கெட்டி அட்டையில ஒட்டி ஊசியால முன்கூட்டியே குத்தி வச்சுக்கணும். கோலத்துக்கும் இதுக்கும் இன்னொரு ஒற்றுமை இருக்கு. புள்ளியை மட்டும் பார்த்தா கோடு எந்த வழியாப் போகுதுன்னு தெரியாது. போட்டவங்ககிட்ட கேட்கணும்.

பழைய டிசைன் புத்தகங்கள் நிறைய இணையத்துல இலவசமாவே கிடைக்குது. இதுல நம்ம துறைக்கு ஒரு பங்கு இருக்குங்கிறது எனக்கே ஆச்சரியம். ரால்ஃப் கிரிஸ்வோல்ட்னு ஒருத்தர். பெல் லேப்ஸ்ல ஸ்னோபால்ங்கிற புரோகிராமிங் மொழியை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர், அப்புறம் அரிசோனா பல்கலைக்கழகத்துல ஐகான்ங்கிற மொழியை வடிவமைச்சார். அவர் கடைசிக் காலத்துல நெசவு, லேஸ் பத்தின பழைய புத்தகங்களை ஸ்கேன் பண்ணி, காப்பிரைட் முடிஞ்சதையெல்லாம் யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு அரிசோனா பல்கலைக்கழகத் தளத்துல சேர்த்து வச்சார். 2006-ல இறந்துட்டார். நூறு வருஷம் பழைய லேஸ் புத்தகத்தை நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல நின்னு டவுன்லோட் பண்ணினேன்.

ஆனா இந்தப் புத்தகங்கள்ல ஒரு சிக்கல். 1557-ல வெனிஸ்ல 'லே பொம்பே'ன்னு ஒரு புத்தகம் வந்தது, பாபின் லேஸுக்குன்னு வந்ததுல மிகப் பழசு. அதுல அழகழகா படம் இருக்கு, எப்படிப் பின்னுறதுன்னு எதுவும் இல்ல. நாலு வருஷம் கழிச்சு, 1561-ல, சூரிச்ல இன்னொரு புத்தகம். இந்தக் கலையை வெனிஸ் வியாபாரிகள் 25 வருஷம் முன்னாடி தங்க ஊருக்குக் கொண்டுவந்தாங்கன்னு அதோட முன்னுரை சொல்லுது. எழுதினவங்க இந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்தவங்க. புத்தகத்துல அவங்க பேர் ஆர்.எம். அந்த ரெண்டு எழுத்து மட்டும்தான். லேஸ்ல பேர் இல்லாம போறது அப்பவே ஆரம்பிச்சிருக்கு.

எண்ணிப் பார்க்கிறதுல ஆர்வம் இருக்கிறவங்களுக்காக ஒரு பத்தி. மத்தவங்க தாண்டிப் போகலாம். லேஸ்ல ஒவ்வொரு சந்திப்புலயும் ரெண்டு ஜோடி உள்ளே வரும், ரெண்டு ஜோடி வெளியே போகும். டிஸ்க்ரீட் மேத்ஸ் கிளாஸ்ல தூங்காதவங்களுக்கு இது புரியும்: இன்-டிகிரி 2, அவுட்-டிகிரி 2 இருக்கிற ஒரு டைரக்டட் கிராஃப். டிசைன் மேலயும் பக்கத்துலயும் திரும்பத் திரும்ப வரும், அதனால ஒரு துண்டை மட்டும் எடுத்து மேல் ஓரத்தைக் கீழ் ஓரத்தோடயும் இடது ஓரத்தை வலது ஓரத்தோடயும் ஒட்டினா மெதுவடை வடிவம் வரும். கனடாவுல விக்டோரியா பல்கலைக்கழகத்துல வெரோனிகா இர்வின்ங்கிறவங்க இதை வச்சே பிஎச்.டி. பண்ணினாங்க, 2016-ல. எந்த கிராஃப் எல்லாம் லேஸா பின்ன முடியும்னு நிபந்தனைகள் எழுதி, கம்ப்யூட்டரை வச்சுத் தேடினாங்க. மனுஷக் கை அதுவரை தொடாத டிசைன் ஏகப்பட்டது வெளிய வந்தது. கிரவுண்ட்ஃபோர்ஜ்னு ஒரு இலவச வெப் டூல்ல அந்த மாதிரி டிசைனை நீங்களே மாத்திப் பார்க்கலாம், நூல் எப்படி ஓடும்னு அதுவே வரைஞ்சு காட்டும். என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா இதைச் சொன்னேன். "அப்ளிகேஷன் என்ன?"ன்னு கேட்டாங்க. இப்போ ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ் சிஸ்டம் பண்ணிட்டிருக்கேன், எல்லாரையும் போல.

டூல் வழியைக் காட்டும். கையைக் காட்டாது. அதுக்கு நாகர்கோவில் பாட்டி வேணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிளாஸ்மேட் ஊருக்குப் போயிருந்தா வீடியோ கால். பாட்டிகிட்ட இப்போ தலையணையும் இல்ல, கட்டையும் இல்ல. கண்ணுல புரை. முதல் தடவை நாலு ஸ்பூனைச் சாப்பாட்டு மேஜையில வரிசையா வச்சு, என்னைப் பார்க்காம வேற எங்கேயோ பார்த்துக்கிட்டு, டக் டக் டக்னு மாத்தினாங்க. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சாம் பின்னி. ஸ்பூன் ஒருதடவை கூட நிக்கல.

"நூலை இழுக்காத மக்களே, கட்டை இழுத்துக்கிடும். நீ வழி மட்டும் விடு."

இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. விரலுக்கு நடுவுல கட்டையைப் பிடிக்கவே கூடாது, உள்ளங்கைக்கு அடியில உருட்டி விடணும். ஓரம் திரும்பும் இடத்துல மட்டும் ஒரு ட்விஸ்ட் கூடப் போட்டா ஓரம் சுருங்காது. பின்னின இடத்துல ஊசியை உடனே பிடுங்கக் கூடாது, அடுத்த நாலு வரிசை அதைப் பிடிச்சுக்கணும். பாட்டி இதையெல்லாம் விதியா சொல்லல. நான் போனை என் தலையணை மேல காட்டினதும் "அங்க சுருங்குதுல்லா?"ன்னு கேட்டு, அப்புறம் சொன்னாங்க. புரை விழுந்த கண்ணுக்கு, ஆறு இன்ச் திரையில, அது எப்படித் தெரிஞ்சதுன்னு எனக்கு இன்னும் விளங்கல.

இப்படியே போயிட்டிருந்தா இது ஒரு நல்ல ஹாபிக் கட்டுரையா முடிஞ்சிருக்கும். நடுவுல எங்க அம்மா வந்தாங்க.

எங்க அம்மா புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுறாங்க. பட்டுப் புடவை வாங்கினா கடையில "குஞ்சம் வைக்கணுமா?"ன்னு கேட்பாங்களே, அது. கடைக்காரர் வீட்டுக்குப் புடவை கொடுத்தனுப்புவார், அம்மா மத்தியானமும் ராத்திரி சமையல் முடிஞ்ச பிறகும் கட்டுவாங்க, அப்பா வண்டியில கொண்டுபோய்க் கொடுப்பார். வாரத்துக்கு ஏழு புடவை. ஒரு புடவைக்கு 80 ரூபாய். நான் அவங்க மேஜையோட மறு பாதியில என் தலையணையை வச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் நூல் வேலைதான், ஒரே டியூப்லைட்தான்.

ஒரு மாசம் பார்த்துட்டே இருந்தவங்க ஒரு நாள் கேட்டாங்க. "நல்லாத்தான் இருக்கு. இது ஒரு முழம் எவ்வளவுக்குப் போகும்?"

விக்கிறதுக்கு இல்லம்மா, ஹாபின்னேன். "ஓ"ன்னாங்க. அந்த "ஓ"-ல ஒண்ணும் இல்ல, கிண்டலும் இல்ல. ஆனா எனக்குக் கணக்குப் போடாம இருக்க முடியல. நான் பின்னிட்டிருந்தது 12 ஜோடி, 24 கட்டை, ரெண்டு விரல் அகலம். ஒரு மணி நேரத்துக்கு 4 சென்டிமீட்டர் வரும். ஒரு முழம்னா 45 சென்டிமீட்டர்னு வச்சா பதினோரு மணி நேரத்துக்கு மேல. திருச்சியில மெஷின் லேஸ் ஒரு மீட்டர் 15 ரூபாய்க்கே கிடைக்குது. அப்போ என் பதினோரு மணி நேரம் 7 ரூபாய் கூட இல்ல. ஹாபின்னு சொல்லிட்டா இந்தக் கணக்கு தேவையில்ல. அதனாலதான் நாம அந்த வார்த்தையைச் சொல்றோமோன்னு தோணிச்சு.

மெஷின் லேஸ் ஒண்ணும் புதுசு இல்ல. இங்கிலாந்துல ஜான் ஹீத்கோட் 1809-லயே பாபின் வலையை மெஷின்ல பின்னக் காப்புரிமை வாங்கிட்டார். 1816-ல அவரோட லஃபரோ தொழிற்சாலைக்குள்ள புகுந்து லடைட்டுகள் மெஷின்களை உடைச்சாங்க. அவர் டெவன் பக்கம் வேற ஊருக்குத் தொழிற்சாலையைக் கொண்டுபோனாரே தவிர, மெஷின் நிக்கல. கையால பின்னுற பெண்களோட கூலி அங்க விழ ஆரம்பிச்ச அதே காலத்துலதான், 1819-ல, லண்டன் மிஷனரி சொசைட்டியைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவில் வந்து சேர்ந்தாங்க. மார்த்தா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினாங்க, அங்கேயே லேஸ் சொல்லிக்கொடுத்தாங்க. தென் திருவிதாங்கூர்ல லேஸ் வேர் பிடிச்சது அப்படித்தான்.

யார் பின்னினாங்கங்கிறதுதான் விஷயம். அப்போ திருவிதாங்கூர்ல அடிமை முறை சட்டப்படியே இருந்தது, முழுசா ஒழிச்சது 1855-ல. அந்தப் பிள்ளைகள்ல சிலர் அடிமைகளாப் பிறந்தவங்க. லேஸ் பின்னிச் சம்பாதிச்ச காசுல தங்களோட விடுதலையை அவங்க விலை கொடுத்து வாங்கினாங்கன்னு மிஷன் வரலாறுகள்ல பதிவாகியிருக்கு. இதை முதல்தடவை படிச்சப்போ நான் போனைக் கீழ வச்சுட்டேன். ஒரு முழம் எவ்வளவுக்குப் போகும்ங்கிற கேள்விக்கு அங்கே ஒரு பதில் இருந்திருக்கு.

இன்னொண்ணும் அதே மண்ணுல நடந்துட்டிருந்தது. நாடார் பெண்களும் மத்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் மேலாடை போடக் கூடாதுன்னு அங்க கட்டுப்பாடு. போட்டவங்களை அடிச்சாங்க, துணியைக் கிழிச்சாங்க. தோள்சீலைப் போராட்டம்னு படிச்சிருப்பீங்க. 1822-ல ஆரம்பிச்சு 1859-ல மன்னர் அறிவிப்பு வர்ற வரைக்கும் இழுத்தது. அந்த அறிவிப்புல கூட, மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு நிபந்தனை. இந்த வருஷங்கள்லதான் அதே ஊர்ப் பெண்கள் வெள்ளைக்காரச் சீமாட்டிகளோட சட்டைக் காலருக்கும் கைக்கும் லேஸ் பின்னிட்டு இருந்தாங்க. நான் இதுக்கு மேல எதுவும் எழுதத் தேவையில்லன்னு நினைக்கிறேன்.

மால்ட் தம்பதியோட மகள் எலிசா 1844-ல ராபர்ட் கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு திருநெல்வேலிச் சீமையில இடையன்குடிக்குப் போனாங்க. ஆமா, அதே கால்டுவெல்தான். 1856-ல வந்த ஒப்பிலக்கணப் புத்தகத்தோட பேர் தமிழ் பேப்பர் எழுதின எல்லாருக்கும் தெரியும், அந்த ஒரு மார்க்கை யாரும் விடுறதில்ல. எலிசா அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, அம்மாகிட்ட கத்துக்கிட்ட லேஸை இடையன்குடிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. தேரிக்காட்டு மணல், பனை, கூடவே லேஸ். புத்தகத்துல கால்டுவெல் பேர் இருக்கு. லேஸ்ல யார் பேரும் இல்ல, அது பின்னினவங்களோடது.

லேஸ் கடல் வழியா நம்ம பக்கம் வந்தது அந்த ஒரு தடவை மட்டும் இல்ல. இலங்கையில காலி, வெலிகம பக்கம் இன்னைக்கும் பாபின் லேஸ் இருக்கு, பீரளுன்னு சொல்றாங்க. பில்ரோங்கிற போர்ச்சுகீசிய வார்த்தையில இருந்து வந்த பேர். அங்க தலையணையில ஒரு உருளை இருக்கும், பின்னப் பின்ன சுத்திக்கிட்டே போகலாம், என் ஜீன்ஸ் கால் மாதிரி பாதியில எடுத்து நகர்த்தி வைக்க வேண்டியதில்ல. குமரி மாவட்டத்துல முளகுமூட்டுக்கு 1897-ல பெல்ஜியத்துல இருந்து மரி லூயிஸ் தெ மெஸ்தர் வந்தாங்க, அந்தக் கன்னியர் வழியா பெல்ஜியப் பின்னல் வந்தது. வெளிநாட்டுல எனக்குப் பிடிச்சது ஸ்லோவேனியாவுல இருக்கிற இத்ரியா. நம்ம அரியலூர் சுண்ணாம்புக்கல் மாதிரி அது ஒரு காலத்துல பாதரசச் சுரங்க ஊரா இருந்தது. ஆண்கள் சுரங்கத்துல, பெண்கள் லேஸ்ல. அங்கே 1876-ல ஆரம்பிச்ச லேஸ் பள்ளி இன்னும் நடக்குது. 2018-ல ஸ்லோவேனியாவோட பாபின் லேஸை யுனெஸ்கோ மரபுப் பட்டியல்லயும் சேர்த்துட்டாங்க.

ஆனா என்னை வீட்டு மேஜைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது ஆந்திராவோட நர்சாபூர். அங்க கிரோஷா லேஸ், ஏற்றுமதிக்கு. மரியா மீஸ்னு ஒரு ஜெர்மன் சமூகவியலாளர் அந்தப் பெண்களோட இருந்து ஆராய்ச்சி பண்ணி 1982-ல புத்தகம் போட்டாங்க. அந்தப் பெண்கள் தினமும் பல மணி நேரம் பின்னுறாங்க, உலகச் சந்தைக்குப் போகுது, வியாபாரி சம்பாதிக்கிறார். ஆனா எல்லாரும் சொல்றது என்ன? அவங்க இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்துல ஏதோ பின்னுறாங்க. ஓய்வு நேரம்னு பேர் வச்சதால கூலியைக் குறைவா வச்சுக்க முடிஞ்சது. இதுதான் அவங்க காட்டினது.

படிச்சு முடிச்சு நிமிர்ந்தா எதிர்ல அம்மா குஞ்சம் கட்டிட்டிருக்காங்க.

நான் என் லேஸுக்கு ஒரு நோட்டுல நேரம் குறிச்சு வச்சிட்டு வந்தேன், வேகம் கூடுதான்னு பார்க்க. அதே நோட்டுல பின்பக்கத்துல இருந்து அம்மாவுக்கும் ஒரு வாரம் குறிச்சேன். அவங்களுக்கு முதல்ல சிரிப்பு. எழுந்து பாலை இறக்கிட்டு வந்தா அதைக் கழிக்கணும்னு அவங்களே கறாராச் சொன்னாங்க. கழிச்ச பிறகும் ஒரு புடவைக்கு சராசரியா 3 மணி 20 நிமிஷம். 80 ரூபாய். மணிக்கு 24 ரூபாய். கடையில கஸ்டமர்கிட்ட அதே குஞ்சத்துக்கு 250 வாங்குறாங்கன்னு எங்க சித்தி புடவை கொடுத்தப்போ தெரியும்.

அம்மா அந்தப் பக்கத்தை ரெண்டு தடவை பார்த்தாங்க. அப்புறம் அடுத்த வாரம் கடைக்காரர்கிட்ட அவங்களே போன் பண்ணி 120 கேட்டாங்க. அவர் நிறைய பேசினார், வேற ஆள் இருக்காங்கன்னார், கடைசியில 100-க்கு வந்தார். ஆனா வாரத்துக்கு ஏழு புடவை வந்தது அஞ்சாயிடுச்சு. 560 வந்த இடத்துல 500. நான் கொஞ்சம் பயந்துட்டேன். அம்மா அதையும் கணக்குப் போட்டு வச்சிருந்தாங்க: "அறுபது ரூபா போச்சு. ரெண்டு மத்தியானம் வந்துச்சுல்ல." அந்த மத்தியானத்துல லேஸ் கத்துக்கோங்கன்னு தலையணையை நகர்த்தினேன். அவங்க பாயைப் போட்டுத் தூங்கிட்டாங்க.

பிளேஸ்மெண்ட் செல்லுல இந்த வாரம் ஃபார்ம் வந்திருக்கு. ரெஸ்யூமேல ஹாபீஸ்னு ஒரு கட்டம், அதுல பாபின் லேஸ்னு எழுதுன்னு ட்ரெயினர் சொன்னார், வித்தியாசமா இருக்கும், ஹெச்ஆர் கேட்பாங்களாம். எழுதினேன். கீழே தாயாரின் தொழில்னு இன்னொரு கட்டம். நாலு வருஷமா அப்பா ஃபில் பண்ணின எல்லா ஃபார்ம்லயும் அங்கே இல்லத்தரசின்னு இருக்கும். இந்தத் தடவை நான் 'புடவைக் குஞ்சம் கட்டும் தொழில்'னு எழுதி அம்மாகிட்ட காட்டினேன்.

படிச்சுப் பார்த்தாங்க. "வருமானச் சான்றிதழ்ல ஏதும் பிரச்சனை வராதே?"ன்னாங்க.

வராதும்மான்னேன். "அப்ப இருக்கட்டும்"னாங்க.

நாகர்கோவில் பாட்டி அந்தக் கேக் டப்பாத் துணியோட விசிறி டிசைனைச் சொல்லித் தர ஆரம்பிச்சிருக்காங்க. அதுக்கு 30 ஜோடி வேணும், என்கிட்ட இருக்கிறது 12. இன்னும் 36 கட்டை, அதாவது 18 பென்சில். யார்கிட்டயாவது பாதி தீர்ந்த பென்சில் இருந்தா தூக்கிப் போடாதீங்க, சிஎஸ்இ நாலாம் வருஷம், ஜன்னலோர ரெண்டாவது பெஞ்ச். ஆறு பட்டை இருக்கணும்.